நெடுந்தீவுக்குப் பிள்ளைகளோடு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கே கடலிலே சிதறிக் கிடக்கும் தீவுகளுள் மிகத் தொலைவில் உள்ளது நெடுந்தீவு. வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் காரைநகருக்கும் கடலை ஊடறுத்துச் செல்லும் தாம்போதிகளின்மீது பஸ் வண்டியிலேயே போய்ச் சேரலாம். நயினாதீவோ கரையில் நிற்போர்க்குக் கைநீட்டினால் எட்டிவிடும் போலத் தோன்றும். நெடுந்தீவு அவ்வாறன்று. புங்குடுதீவின் மேற்குக் கரையிலுள்ள குறிகட்டுவான் துறையிலே படகேறி, ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் திறந்த கடலிலே சென்றால்தான் அதன் மண்ணை மிதிக்கலாம்.

ஒல்லாந்தர் இத்தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். வேலணை லைடன் ஆயிற்று. காரைதீவு அம்ஸ்ரர்டாம் ஆயிற்று. அனலைதீவு றொட்டர்டாம் ஆயிற்று. அப்பெயர்களுட் பல இன்று பழைய படங்களிலே மாத்திரம் உறங்குகின்றன. நெடுந்தீவுக்கு இட்ட டெல்வ்ற் என்னும் பெயரோ அரசாங்கக் கடிதங்களில் இன்றும் உயிரோடிருக்கிறது. தூரத்திலுள்ள ஊருக்குப் பிறர் இட்ட பெயர் எளிதில் அழிவதில்லைப் போலும்.

ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள இத்தட்டை நிலத்திலே ஒரு மாணவன் காணத்தக்கவை எத்தனை! போர்த்துக்கேயர் காலத்ததென்றும் ஒல்லாந்தர் காலத்ததென்றும் கூறப்படும் கோட்டையின் இடிபாடு. ஆபிரிக்க மண்ணுக்குரிய பெருக்கமரம். கட்டாக்காலிகளாய்த் திரியும் குதிரைகள். சுண்ணாம்பும் சாந்துமின்றிப் பவளக்கற்களை ஒன்றன்மேலொன்றாய் அடுக்கிக் கட்டிய வேலிகள். உப்புக் கடல் நாற்புறமும் சூழ்ந்திருக்க நடுவே நன்னீர் தரும் கிணறுகள். வரலாறு, புவியியல், விஞ்ஞானம் ஆகிய மூன்று பாடங்களுக்கும் ஒரே நாளில் ஒரே இடத்தில் இத்தனை பொருள் வேறெங்குக் கிடைக்கும்? எனினும் எமது குடாநாட்டுப் பிள்ளைகளுட் பலர் கண்டியையும் நுவரெலியாவையும் கண்டிருக்கிறார்கள், நெடுந்தீவைக் கண்டதில்லை. காரணம் கேட்டால் பெற்றோர் ஒரே சொல்லில் விடையிறுப்பர்: "கடல்."

அவ்விடையை நாம் இகழவில்லை. கடலோரத்திலே பிறந்து வளர்ந்தவர்களே கடலுக்கு அஞ்சுகின்றார்களென்றால் அதற்கு நியாயம் உண்டு. ஆனால், அஞ்சத்தக்க இடத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லாமலே விட்டுவிடுவதா, எப்படி அழைத்துச் செல்வதென்று ஆராய்வதா என்பதே ஆசிரியர் முன்னுள்ள வினா. பல ஆண்டுகளாகக் கல்லூரிப் பிள்ளைகளை வெளியிடங்களுக்கு அழைத்துச் சென்ற பழக்கத்தால் இவ்விடயத்தில் எமக்குச் சில உறுதியான எண்ணங்கள் உள.

ஒரு பாடசாலை கல்விச் சுற்றுலாப் போக வேண்டுமாயின், ஆசிரியர் எழுதும் விண்ணப்பம் அதிபரிடமும், அவர் வழியாக வலயக் கல்விப் பணிமனைக்கும் செல்லும். போகும் நாள், நேரம், வழி, மாணவர் பெயர்கள், கூடச் செல்லும் ஆசிரியர், ஆசிரியைகளின் பெயர்கள், பஸ் வண்டியின் பத்திரங்கள், பெற்றோரின் சம்மதக் கடிதங்கள் எல்லாம் அதனோடு இணைக்கப்படும். அதிபர்களிலே இரு வகையினரை நாம் கண்டிருக்கிறோம். ஒருவகையினர் கடிதங்களை எண்ணிப் பார்த்துக் கையொப்பமிடுவர். மற்றவகையினர் எதையும் பாராமலே மறுத்துவிடுவர். மறுப்பவர்க்கு நிம்மதியான உறக்கம் கிடைக்கும். ஆனால் அவருடைய பாடசாலைப் பிள்ளைகள் ஒல்லாந்தர் கோட்டையைப் புத்தகத்தின் 73ஆம் பக்கத்திலே மாத்திரம் காண்பர். எமக்கு வாய்த்த அதிபர் இவ்விரு வகையிலும் சேராதவர். அவர் எமது விண்ணப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு வினாவை மாத்திரம் கேட்டார்: "நீங்கள் போய்ப் பார்த்தீர்களா?"

சிறுவயதிலே உறவினருடன் போனதையும், திருவிழாக் காலத்திலே போனதையும் அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அறுபது பிள்ளைகளை அழைத்துச் செல்லும் கண்ணோடு போய்ப் பார்த்தீர்களா என்பதே அவர் கருத்து. ஆகவே மாசி மாதத்து ஒரு சனிக்கிழமை, நாமும் ஓர் ஆசிரியையுமாக, ஒரு குறிப்புப் புத்தகத்துடனும் இரு போத்தல் தண்ணீருடனும் புறப்பட்டோம்.

குறிகட்டுவான் துறையிலே முதலில் பார்த்தது கடலையன்று, படகை. எத்தனை பேரை ஏற்றலாம், எத்தனை உயிர்காப்பு அங்கிகள் உள, அவை எங்கே வைக்கப்பட்டுள்ளன என்று படகோட்டியாரைக் கேட்டு எழுதிக்கொண்டோம். அங்கிகள் இருந்தன. ஆனால் அவை வளர்ந்தோரின் அளவுக்குத் தைக்கப்பட்டவை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அவ்வங்கியை அணிவித்துத் தண்ணீரில் விட்டால், அங்கி மேலெழும். பிள்ளை அதனுள்ளிருந்து கீழே நழுவும். ஆதலால் மெலிந்த பிள்ளைகளுக்குச் சிறிய அங்கிகளை வேறிடத்தில் இரவல் பெற வேண்டுமென்று குறித்துக்கொண்டோம். அங்கியைக் கரையிலே அணியவேண்டும். படகு ஆடத் தொடங்கிய பின் தேடலாகாது. உள்ளே அடைந்து இருக்கும் இருக்கைகளிலிருந்து வெளியேறும் வாயில் ஒடுக்கமாயிருந்தது. ஓரொரு வாயிலுக்கருகிலும் நீந்தத் தெரிந்த ஓர் ஆசிரியர் இருக்கவேண்டுமென்பது அடுத்த குறிப்பு.

இவற்றை எழுதும்போது எமது நினைவில் நின்றது கிண்ணியா. 2021ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி, திருகோணமலை மாவட்டத்துக் குறிஞ்சாக்கேணியிலே, பாலம் கட்டப்படும் காலத்தில் மக்கள் நீரைக் கடப்பதற்கு விடப்பட்டிருந்த மிதவைப் படகு கவிழ்ந்து, பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் மாண்டனர். அப்பிள்ளைகள் சுற்றுலாப் போனவர்களல்லர். ஒவ்வொரு நாளும் போகும் வழியிலே பாடசாலைக்குப் போனவர்கள். அது நடுக்கடலுமன்று. கரை கண்ணுக்குத் தெரியும் நீர்ப்பரப்பு.

நெடுந்தீவில் இறங்கும் துறைக்கு மாவிலித்துறை என்று பெயர். அங்கே ஒரு நினைவிடம் இருக்கிறது. 1985ஆம் ஆண்டு மே 15ஆம் திகதி, இத்துறையிலிருந்து குறிகட்டுவான் நோக்கிப் புறப்பட்ட குமுதினிப் படகிலே குழந்தைகள் உட்பட முப்பதுக்கு மேற்பட்ட பயணிகள் வெட்டியும் குத்தியும் கொல்லப்பட்டனர். பிள்ளைகளை அழைத்து வரும்போது இவ்விடத்தைக் கண்டும் காணாததுபோல நடந்துவிடலாமா? கூடாதென்று எம்மோடு வந்த ஆசிரியை கூறினார். இறங்கியவுடன் இரண்டு நிமிடம் அங்கே நிற்பதென்றும், கேட்கும் பிள்ளைக்கு உள்ளதை உள்ளபடி சொல்வதென்றும், ஆனால் சிறு வகுப்புப் பிள்ளைகளுக்கு விரித்துரைப்பதில்லையென்றும் தீர்மானித்தோம். சுற்றுலாத் திட்டத்திலே சாப்பாட்டு நேரத்தை எழுதுவோர் இத்தகைய இரண்டு நிமிடங்களையும் எழுதிவைத்தல் நல்லது.

தீவைச் சுற்றிப் பார்த்தபோது எமது குறிப்புப் புத்தகம் விரைவில் நிறைந்தது. கோட்டை வைத்தியசாலைக்குப் பின்புறமாகவே இருக்கிறது. பிள்ளைகளின் நாளை அங்கே தொடங்கவேண்டுமா, அங்கே முடிக்கவேண்டுமா? வெயிலிலே அலைந்து களைத்த பிற்பகலிலேதான் மயக்கமும் தலைச்சுற்றும் வரும். ஆகவே வைத்தியசாலையை அண்டிய இடத்தைக் கடைசியாக வைத்தோம். கோட்டைச் சுவர்கள் பவளக்கல்லாலானவை. பல நூற்றாண்டு உப்புக்காற்றுத் தின்று தீர்த்த மிச்சமே இன்று நிற்பது. கையை ஊன்றினால் கல் கழன்று வருமிடங்கள் உள. சுவரின்மீது ஏறிப் படம் பிடிப்பதே இக்காலத்துப் பிள்ளைகளின் பெருவிருப்பம். எனவே சுவரிலிருந்து எத்தனை அடி தள்ளி நிற்கவேண்டுமென்று அவ்விடத்திலேயே நடந்து அளந்தோம்.

பெருக்கமரத்திலே அத்தகைய ஆபத்தில்லை. அதன் பருத்த அடிமரத்திலே ஒரு பொந்து உண்டு. உள்ளே நுழைந்து நிற்கலாம். மரத்துக்குள் நின்று வானத்தைப் பார்க்கும் அனுபவத்தை எந்தப் பிள்ளைக்கும் மறுக்கலாகாது. ஒவ்வொருவராக விட்டால் போதும். அராபிய வணிகர் கொண்டுவந்து நட்டிருக்கலாம் என்பர். மன்னாரிலும் இவ்வினத்துப் பெருமரம் ஒன்று நிற்கிறது. இரண்டையும் ஒரு கடற்படத்திலே குறித்து, இடையிலே கப்பல் வழியைக் கீறச் சொன்னால் பிள்ளைகள் தாமே பாதி வரலாற்றைச் சொல்லிவிடுவர்.

குதிரைகள் தீவின் தென்பகுதியிலே திரிகின்றன. போர்த்துக்கேயர் காலத்தில் வந்து, ஒல்லாந்தர் காலத்தில் பெருக்கப்பட்டு, ஆங்கிலேயர் காலத்திலே நோலன் என்னும் அதிகாரியின் பொறுப்பில் வளர்க்கப்பட்டவற்றின் வழித்தோன்றல்கள் அவை. 2015ஆம் ஆண்டிலே அப்பகுதி தேசிய பூங்காவாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. குட்டியோடு நிற்கும் குதிரையின் பின்புறம் போகலாகாதென்பதைப் பிள்ளைகளுக்கு முன்னரே சொல்லவேண்டும்; அங்கே போய்ச் சொன்னால் குதிரைக்கும் கேட்காது, பிள்ளைக்கும் கேட்காது. நிழல் என்பது அப்புறத்தில் அரிது. வெட்டவெளியும் புல்லும் அடிவானமுமே. நண்பகலுக்கு முன் அவ்விடத்தை விட்டுவிட வேண்டுமென்று தடித்த எழுத்தில் எழுதினோம்.

இனித் தண்ணீர். சுண்ணக்கல் நிலத்தினுள்ளே மழைநீர் இறங்கி, கனத்த உவர்நீரின் மேலே மெல்லிய வில்லையாக மிதந்து நிற்கிறது. அதுவே நெடுந்தீவுக் கிணற்று நீர். அளவுக்கு மிஞ்சி அள்ளினால் அடியிலுள்ள உவர்நீர் மேலே ஏறிவிடும். அத்தீவு மக்கள் வரட்சிக் காலத்திலே குடிநீருக்குப் படும் பாடு சிறிதன்று. அறுபது பிள்ளைகளோடு சென்று அவர்களுடைய கிணற்றிலே இறங்குவது விருந்தினர்க்கு அழகாகாது. தலைக்கு இரண்டு லீற்றர் நாமே கொண்டுசெல்வதென்று முடிவாயிற்று. அந்நீரின் கதையை மாத்திரம் கிணற்றங்கரையில் நின்று சொல்லலாம். புவியியற் பாடத்திலே கரும்பலகையில் கீறிக் காட்டும் படம் அங்கே உயிரோடிருக்கிறது.

பெண்பிள்ளைகளுக்கான வசதியைப்பற்றி ஆண் ஆசிரியர்கள் திட்டத்தில் எழுத மறந்துவிடுகிறார்கள், அல்லது கூசுகிறார்கள். இதனை எம்மோடு வந்த ஆசிரியையே முதலில் விசாரித்தார். தீவிலுள்ள ஒரு பாடசாலை அதிபர், விடுமுறை நாளாயினும் கழிப்பறைகளையும் ஒரு வகுப்பறையையும் திறந்து தருவதாக மனமுவந்து சொன்னார். அவ்வகுப்பறையே எமது சாப்பாட்டு மண்டபமாகவும், யாராவது சுகவீனமுற்றால் படுக்க இடமாகவும் அமைந்தது. 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தால் வரும் இலவச அம்புலன்ஸ் சேவை 2018ஆம் ஆண்டில் வடமாகாணத்துக்கும் விரிந்தது. பெரிய உதவிதான். ஆனாலும் நெடுந்தீவிலே வீழ்ந்த பிள்ளையை யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டுமாயின் இடையிலே கடல் கிடக்கிறது. ஆகவே இழுப்பு, வலிப்பு, ஒவ்வாமை உள்ள பிள்ளைகளின் விபரத்தைப் பெற்றோர் மறையாது எழுதித்தர வேண்டும். "எழுதினால் கூட்டிக்கொண்டு போகமாட்டியள் எண்டு பயந்தனான்" என்று ஒரு தாயார் பின்பு எம்மிடம் சொன்னார். அவர் மகளையும் அழைத்துச் சென்றோம். மருந்து ஆசிரியையின் கைப்பையில் இருந்தது.

அன்று மாலை திரும்பும்போது கடல் கண்ணாடி போலிருந்தது. மாசி, பங்குனி, சித்திரை மாதங்களில் அப்படித்தான் இருக்கும். வாடைக்காற்று ஓய்ந்து, சோழகம் இன்னும் எழாத இடைக்காலம் அது. வைகாசியின் பின் சோழகம் பிடித்ததென்றால் ஆவணி, புரட்டாதி வரை விடாது. எங்கள் பாடசாலை நாட்காட்டியோ கடலைக் கேட்டு எழுதப்பட்டதன்று. ஆண்டின் முற்பகுதியிலே இல்ல விளையாட்டுப் போட்டி, பின் தவணைப் பரீட்சை. சுற்றுலாவை நினைக்க நேரம் கிடைப்பது வழக்கமாக இரண்டாந் தவணையிலேதான். அதாவது, கடல் மிக மோசமாயிருக்கும் மாதங்களே எமது பாடசாலைகளுக்கு மிக வசதியான மாதங்கள். இம்முரண்பாட்டை எந்தப் படிவமும் கேட்பதில்லை.

அவ்வாண்டும் அப்படியே நடந்தது. பங்குனியிலே போக எண்ணிய பயணம், விளையாட்டுப் போட்டி பிந்தியதால் ஆடி மாதத்துக்குத் தள்ளப்பட்டது. அதிபர் அனுமதிக் கடிதத்திலே கையொப்பமிடும்போது மறுபடியும் ஒரு வினாக் கேட்டார்: "துறையிலே போய் நின்று, போகமுடியாதென்று கண்டால் எங்கே போவீர்கள்?" அதற்கு விடையாக ஒரு மாற்றுத்திட்டத்தையும் எழுதி, அதனையும் வலயப் பணிமனைக்கு அனுப்பி, அதற்கும் பெற்றோரின் கையொப்பம் பெற்றோம். ஊர்காவற்றுறைக் கரையும், வேலணைச் சாட்டிக் கடற்கரையும் அதில் இடம்பெற்றன. ஒரே நாளைக்கு இரண்டு திட்டமா என்று சில சக ஆசிரியர்கள் நகைத்தனர்.

ஆடி மாதத்து அந்தச் சனிக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்குப் பஸ் வண்டிகள் இரண்டு புறப்பட்டன. 62 பிள்ளைகள், எம்மோடு ஏழு ஆசிரியர்கள். முதல்நாளிரவு வானொலியிலே புத்தளத்திலிருந்து மன்னார் ஊடாகக் காங்கேசன்துறை வரையான கடற்பரப்பைப்பற்றி எச்சரிக்கை ஏதும் இருக்கவில்லை. பண்ணைத் தாம்போதியிலே போகும்போதே பனைகள் தலைசாய்ந்து நின்றதைக் கண்டோம். குறிகட்டுவானிலே படகு கட்டியிருந்தது. போவதற்கு ஆயத்தமாகவே இருந்தது. கடல் கறுத்து, ஆங்காங்கே வெள்ளை வெட்டியது.

வயது முதிர்ந்த படகோட்டியார் ஒருவரை ஒதுக்குப்புறமாக அழைத்துக் கேட்டோம்.

"ஐயா, போகலாமா?"

"போகலாம் மாஸ்ரர். காலமை போறதுக்கு ஒண்டுமில்லை. பின்னேரம் திரும்பி வாறதுதான் யோசினை."

"பின்னேரம் என்னவாகும்?"

அவர் மேற்கே பார்த்தார். "நான் எண்டால் என்ரை பேரப்பிள்ளையளை இண்டைக்கு ஏத்தமாட்டன். நீங்கள் கேட்டபடியால் சொல்லுறன்."

சோழகக் காலத்திலே காலையில் அடங்கியிருக்கும் காற்று, நிலம் சூடேற ஏற வலுத்து, பிற்பகலிலே உச்சத்தை அடைவது வழக்கம். போகும் கடல் வேறு, திரும்பும் கடல் வேறு. தீவுக்குப் போய்விட்டால், திரும்புவதா தங்குவதா என்று மாலை நான்கு மணிக்குத் தெரிவு செய்யவேண்டி நேரும். ஒருபுறம் ஆத்திரப்பட்ட பெற்றோரின் தொலைபேசி அழைப்புகள், மறுபுறம் வெள்ளை வெட்டும் கடல். அந்நேரத்திலே ஒருவர் செய்யும் தீர்மானம் நிதானமாயிராது. காலை ஏழு மணிக்கே செய்துவிடுவது மேல். பிள்ளைகளை மறுபடியும் பஸ்ஸிலே ஏறச் சொன்னோம்.

அப்போது எழுந்த முணுமுணுப்பை எழுத்தில் வடிக்க இயலாது. சில பிள்ளைகள் அழுதே விட்டார்கள். இதற்கிடையில் வேறொரு கூட்டத்தினர் வந்து, சிரித்துப் பேசியபடி அதே படகில் ஏறினர். படகு புறப்பட்டது. எமது பிள்ளைகள் பஸ் யன்னல்களூடாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தனர். இளம் ஆசிரியர் ஒருவர் எமதருகில் வந்து, "சேர், அவையள் போயினம்தானே" என்றார். அவர் முகத்திலே மரியாதையும் கோபமும் சம அளவில் இருந்தன.

ஊர்காவற்றுறைக் கரையிலே பாணும் சம்பலும் பிரித்துக் கொடுத்தபின் பிள்ளைகளின் முகம் சற்றுத் தெளிந்தது. நீரின் நடுவே நிற்கும் கடற்கோட்டையைக் கரையில் நின்று பார்த்தோம். போர்த்துக்கேயர் கட்டி, 1658ஆம் ஆண்டிலே ஒல்லாந்தர் கைப்பற்றிய அக்கோட்டைக்கு அவர்கள் ஹம்மன்ஹீல் என்று பெயரிட்டனர். பன்றித்தொடையின் குதிகால் என்பது அதன் பொருள். ஒல்லாந்தரின் கண்ணுக்கு இலங்கைப் படம் பன்றித்தொடை போலத் தோன்றியதாம். எமக்கு மாங்காயாகவும் முத்தாகவும் தோன்றும் நாடு பசியோடு வந்தவர்க்கு இறைச்சியாகத் தோன்றியதில் வியப்பென்ன என்று ஒரு மாணவி சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். அன்று நாம் கேட்ட முதற் சிரிப்பு அதுவே. பிற்பகல் சாட்டிக் கரையிலே காற்றின் வேகத்தை அளக்கக் கடதாசியாலும் ஈர்க்காலும் கருவி செய்யும் போட்டி வைத்தோம். இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில் கருவிகள் பலவும் பிய்ந்து பறந்தன.

மறுநாள் செய்தி வந்தது: காலையில் நெடுந்தீவுக்குப் போன கூட்டத்தினர் மாலையில் நலமாகத் திரும்பிவிட்டனர். நனைந்து, வாந்தியெடுத்து, ஆனால் நலமாக. அச்செய்தி எமக்கு மகிழ்ச்சியே அளித்தது, வேறெதை விரும்பியிருப்போம்? ஆயினும் கல்லூரியிலே அதன் பின் சில கிழமைகள் எமக்கு இலகுவாயிருக்கவில்லை. ஒரு தந்தையார் அலுவலகத்துக்கே வந்து, கட்டணம் வாங்கியது நெடுந்தீவுக்கா ஊர்காவற்றுறைக்கா என்று கேட்டார். படகுக்கென வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். பஸ் வாடகையைத் திருப்பிக் கொடுக்க வழியில்லை. இளம் ஆசிரியர் கேட்ட வினா ஆசிரியர் அறையிலும் சுற்றி வந்தது. அதற்கு எமது விடை இதுதான்: அவர்கள் நலமாகத் திரும்பியது அன்றைய கடல் பாதுகாப்பானதென்பதற்குச் சான்றாகாது. கண்ணை மூடிக்கொண்டு தெருவைக் கடப்பவரும் பெரும்பாலும் மறுபுறம் சேர்ந்துவிடுகிறார். அறுபத்திரண்டு பேரை நம்பி அனுப்பிய பெற்றோர், 'பெரும்பாலும்' என்னும் சொல்லைக் கேட்டு அனுப்பவில்லை.

ஆனாலும் அத்தீர்மானத்துக்கு விலை ஒன்றுமில்லையென்று நாம் சொல்லமாட்டோம். அவ்வாண்டுப் பிள்ளைகளுள் ஒருவன் பதினோராந் தரத்து மாணவன். தந்தை இல்லாதவன். தாயார் சுற்றுலாக் கட்டணத்தை மூன்று தவணையாகக் கட்டினார். நெடுந்தீவிலே 'வளரும் கல்' என்று மக்கள் காட்டும் ஒரு கல் உண்டு. அது மெய்யாகவே வளர்கிறதா என்று ஆண்டுதோறும் அளந்து பார்க்கவேண்டுமென்ற யோசனை அவனுடையது. நூல், அளவுநாடா, கொப்பி எல்லாம் கொண்டுவந்திருந்தான். அளக்கும் முறையைக்கூட எழுதி வைத்திருந்தான்: கல்லின் அடியிலே மண் அள்ளுண்டு போனாலும் கல் உயர்ந்ததுபோலத் தோன்றும், ஆகவே அருகிலுள்ள அசையாத பாறையொன்றிலிருந்தும் மட்டம் பார்க்கவேண்டும் என்று. பல்கலைக்கழகத்தாரும் மெச்சத்தக்க யோசனை அது. க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையோடு அவன் படிப்பை விட்டு வேலைக்குப் போய்விட்டான்.

அடுத்த ஆண்டு, விளையாட்டுப் போட்டிக்கு முன்னரே நாள் குறித்து, பங்குனி இரண்டாம் வாரத்திலே போனோம். மாணவர் பத்துப் பத்தாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொருவர்க்கும் ஓர் எண் கொடுக்கப்பட்டது. பஸ்ஸிலே, துறையிலே, படகிலே, மாவிலித்துறையிலே, ஒவ்வோர் இடத்தை விட்டுப் புறப்படும்போதும் எண் சொன்னார்கள். பதின்மூன்றாம் எண்காரி ஒவ்வொரு முறையும் பிந்திச் சொல்லி எல்லாரையும் ஏங்கவைத்தாள். மூன்றாம் முறைக்குப் பின் அதுவும் ஒரு விளையாட்டாயிற்று. கடைசிப் படகுக்கு நிற்காமல் அதற்கு முந்திய படகிலே திரும்பினோம். ஒரு பிள்ளைக்குத் தலைசுற்றியது. ஜீவனி கரைத்துக் கொடுத்து வகுப்பறையிலே படுக்கவைத்தோம். வேறு சொல்லத்தக்கது ஏதும் நடைபெறவில்லை. ஏதும் நடைபெறாத நாளைப்பற்றிப் பத்திரிகையிலே எவரும் எழுதுவதில்லை. எழுதினால் என்ன என்று தோன்றியே இதனை எழுதுகிறோம்.

வளரும் கல்லை ஒன்பதாந் தரத்துப் பிள்ளைகள் அளந்தார்கள். அந்த மாணவன் விட்டுச்சென்ற கொப்பியைத்தான் கொண்டுபோனார்கள். அவன் கீறிவைத்த அட்டவணையின் முதல் வரியிலே நாளும் உயரமும், அருகிலுள்ள பாறையிலிருந்து எடுத்த மட்டமும் எழுதப்பட்டன. அளந்தோர் பெயர் எழுதும் இடத்திலே தமது பெயர்களுக்கு மேலே அவனுடைய பெயரையும் எழுதியிருந்ததைப் பின்னரே கண்டோம். ஒரே ஓர் அளவிலிருந்து கல் வளர்கிறதென்றும் சொல்லமுடியாது, வளரவில்லையென்றும் சொல்லமுடியாது. கொப்பி இப்போது விஞ்ஞான ஆய்வுகூடத்து அலுமாரியிலே இருக்கிறது. வரும் பங்குனிக்கான விண்ணப்பத்தை அதிபரிடம் கொடுத்துவிட்டோம். தீவிலுள்ள பாடசாலை அதிபருக்கும் கடிதம் போய்விட்டது. மாற்றுத்திட்டம் இம்முறையும் ஊர்காவற்றுறைதான்.